பிராக் நகரில் நான்காம் சார்லஸ்: ஒருநாள் நடைச் சுற்றுலா பற்றிய மதிப்புரை

செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் நடைச் சுற்றுலாக்களுக்குப் பஞ்சமே இல்லை. காலை ஒன்பது மணிக்குப் பழைய நகரச் சதுக்கத்தில் நின்றால், வண்ணவண்ணக் குடைகளை உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டிகள் தத்தம் கூட்டத்தைத் திரட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். பேய்க்கதைகளுக்கு ஒன்று, பியர் கடைகளுக்கு ஒன்று, இரண்டாம் உலகப் போருக்கு ஒன்று என்று ஆளுக்கொரு தலைப்பு. நான் தேர்ந்தெடுத்தது, பதினான்காம் நூற்றாண்டில் இந்த நகரிலிருந்து ஆண்ட, பொஹேமியாவின் (இன்றைய செக் நாட்டின் பெரும்பகுதி) மன்னரும் புனித ரோமப் பேரரசருமான நான்காம் சார்லஸ் எழுப்பிய கட்டடங்களை மட்டும் காட்டுவதாகச் சொன்ன ஒருநாள் சுற்றுலா. அதில் சில குறைகள் இருந்தன. அவற்றை நடத்துநர்களுக்கே எழுதி அனுப்பிவிட்டதால் நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. ஏறத்தாழ இதே தடத்தில் வேறு சிலரும் சுற்றுலா நடத்துகிறார்கள் என்பதால், அவர்களிடம் முன்பதிவு செய்ய நினைப்பவர்களுக்கும் இந்த மதிப்புரை பயன்படக்கூடும்.

முதலில் சுற்றுலாவின் அமைப்பு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மாலை நான்கு மணிக்கு முடிகிறது. ஒரு வழிகாட்டி, ஆளுக்கொரு காதொலிக் கருவி, ஒரு நாளுக்கான டிராம் பயணச்சீட்டு ஆகியவை கட்டணத்தில் அடக்கம். அரண்மனை வளாகத்துக்கான நுழைவுச்சீட்டும் மதிய உணவும் நம் பொறுப்பு. துண்டறிக்கையில் பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் குழுவில் பத்தொன்பது பேர் இருந்தோம். இந்த ஏழு பேர் வித்தியாசம் காலையில் பெரிதாகத் தெரியவில்லை, பிற்பகலில் பேராலயத்துக்குள் தெரிந்தது.

வழிகாட்டி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, வரலாறு படித்தவர். சதுக்கத்தின் கிழக்குப் பக்கத்தில் 'கல் மணி வீடு' என்று அழைக்கப்படும், கோதிக் என்ற இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டிய மாளிகையின் முன்னால் எங்களை நிறுத்தித் தொடங்கினார். நல்ல தொடக்கம். அந்த வீட்டின் முகப்பு நெடுங்காலம் பிற்காலப் பூச்சுக்குள் மறைந்து கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் மீண்டும் வெளிக்கொணரப்பட்டது. சார்லஸ் 1316-ஆம் ஆண்டு மே 14 அன்று பிராக்கில் பிறந்தவர். ஞானஸ்நானப் பெயர் வென்செஸ்லாஸ். தந்தை லக்சம்பர்க் வம்சத்து ஜான், தாய் பொஹேமியாவின் பழைய பிரெமிஸ்லித் அரச குலத்து எலிசபெத். பெற்றோருக்குள் ஒத்துப்போகாத நிலையில், ஏழு வயதில் பிள்ளையைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் அவர் சார்லஸ் என்ற பெயரை ஏற்றுக்கொண்டார். பின்னாளில் ஆறாம் கிளமெண்ட் என்ற போப்பாண்டவரான பியேர் ரோஜே அவருக்கு அங்கே ஆசானாக இருந்தார். 1333-இல் நாடு திரும்பியபோது அரண்மனை குடியிருக்க முடியாத அளவுக்குப் பாழடைந்து கிடந்தது, தாய்மொழியான செக் மொழியும் மறந்து போயிருந்தது. இரண்டையும் அவரே தம் தன்வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். மொழியை மீண்டும் கற்றுக்கொண்டார்; குடியிருக்க நகருக்குள் ஒரு வீட்டைத் தேட வேண்டியிருந்தது. அந்த வீடு இதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதாக வழிகாட்டி சொன்னார். 'இருக்கலாம்' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அந்த நிதானம் பிற்பகலிலும் நீடித்திருந்தால் இந்த மதிப்புரை இன்னும் சுருக்கமாக முடிந்திருக்கும்.

அடுத்து பல்கலைக்கழகம். 1348-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று சார்லஸ் நிறுவிய அது மத்திய ஐரோப்பாவின் முதல் பல்கலைக்கழகம். இன்றும் அவர் பெயரிலேயே இயங்குகிறது. ஆனால் கட்டடக்கலையைக் காண வந்தவர்களுக்கு இங்கே பார்க்கக் கிடைப்பது மிகவும் குறைவு. கரோலினும் கட்டடத்தின் வெளிச்சுவரில் துருத்தி நிற்கும் ஒரு கோதிக் சாளர மாடம் மட்டுமே பதினான்காம் நூற்றாண்டின் அடையாளமாகத் தெருவிலிருந்து தெரிகிறது. அந்தக் கட்டடமும் சார்லஸ் இறந்த பின்னர் அவர் மகனின் காலத்தில்தான் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. வழிகாட்டி ஏழு நிமிடத்தில் முடித்துக்கொண்டு நகர்ந்தது சரியான முடிவு.

பழைய நகரத்தின் குறுகலான தெருக்களைக் கடந்து ஆற்றங்கரைக்கு வந்ததும், சுற்றுலாவின் மிகச் சிறந்த நாற்பது நிமிடங்கள் தொடங்கின. பாலத்தில் ஏறுவதற்கு முன்னால் நிற்கும் பழைய நகரப் பாலக் கோபுரத்தின் கிழக்கு முகப்பைப் பெரும்பாலான பயணிகள் அண்ணாந்துகூடப் பார்ப்பதில்லை. வாயிலுக்குள் நுழைந்து பாலத்துக்குப் போகும் அவசரத்தில் இருப்பார்கள். எங்கள் வழிகாட்டி எங்களைச் சாலைக்கு எதிர்ப்புறம் அழைத்துச் சென்று, அசையாமல் பார்க்கச் சொன்னார். கோபுரம் சார்லஸின் கட்டடக் கலைஞரான பீட்டர் பார்லரின் பட்டறை செய்தது. நடுவில் புனித விட்டஸ். அவருடைய காலடியில் பாலத்தின் வளைவுகளையே சிறிய அளவில் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முதியவரான சார்லஸ், மறுபக்கம் இளைஞனான அவர் மகன் நான்காம் வென்செஸ்லாஸ். இருவரும் அரியணையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே நாட்டின் காவல் புனிதர்களான அடால்பர்ட்டும் சிகிஸ்மண்டும், கீழே அவர்கள் ஆண்ட நாடுகளின் கேடயங்கள்.

சார்லஸின் சிலையைச் சற்று நேரம் பார்த்தால் ஒன்று புலப்படும். பேரரசர் நிமிர்ந்து உட்காரவில்லை. தோள்கள் முன்னுக்கு வளைந்து, தலை சற்றே தாழ்ந்து, களைத்த கிழவரைப் போல உட்கார்ந்திருக்கிறார். அரசரைக் கூனலாகச் செதுக்கும் துணிவு ஒரு சிற்பிக்கு எப்படி வந்தது என்று நான் கேட்டேன். 1970-களில் அவருடைய எலும்புகளை மானிடவியல் ஆய்வாளர்கள் பரிசோதித்ததையும், உயரம் ஏறத்தாழ 173 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டதையும், தாடையிலும் கழுத்திலும் பலத்த காயம்பட்டு ஆறிய தடயங்கள் கிடைத்ததையும் வழிகாட்டி விவரித்தார். இளமையில் ஈட்டிப் போட்டி விளையாட்டுகளில் மோகம் கொண்டிருந்த அவருக்கு அத்தகைய ஒரு போட்டியில் அந்தக் காயம் நேர்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஆக, அந்தக் குனிவு சிற்பியின் கற்பனையில் பிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. கண்ணால் கண்டதைச் செதுக்கியிருக்கிறார். மேலே இருப்பவை நகல்கள் என்பதையும், மூலச் சிலைகள் தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிற்பத் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன என்பதையும் அவர் மறைக்கவில்லை.

பிறகு ஒரு மீன்கொத்தியைக் கண்டுபிடிக்கச் சொன்னார். முடிச்சிட்ட துணி ஒன்று வட்டமாகச் சுற்றியிருக்க, அதன் நடுவே சிறிய பறவை ஒன்று. இது மகன் வென்செஸ்லாஸ் விரும்பிப் பயன்படுத்திய சின்னம். குழுவில் இருந்த பத்து வயதுச் சிறுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். கோபுரத்தின் மேற்கு முகப்பு மட்டும் ஏன் மொட்டையாக இருக்கிறது என்பதற்கான விடையும் இங்கேயே கிடைத்தது: 1648-இல், முப்பதாண்டுப் போரின் கடைசிக் கட்டத்தில், ஆற்றின் மறுகரையைப் பிடித்துக்கொண்ட சுவீடன் படை அந்தப் பக்கத்தின் அலங்காரத்தைச் சிதைத்துவிட்டது. கோபுரத்துக்குள் 138 படிகள் ஏறி மேலே போகலாம். சுற்றுலாவில் அது சேர்த்தியில்லை. நான் மறுநாள் தனியாக ஏறினேன். கால் வலித்தாலும் மேலிருந்து பார்க்கும்போதுதான் பாலம் நேர்கோட்டில் ஓடாமல் லேசாக வளைந்து நெளிந்து அக்கரைக்குப் போவது விளங்குகிறது.

பாலத்தில்தான் என் முதல் மனத்தாங்கல். பாலத்தின் வரலாறே போதுமான அளவுக்குச் சுவையானது. வல்டாவா ஆற்றின் மேல் இதற்கு முன்னிருந்த ஜூடித் பாலம் 1342-இல் பனிக்கட்டிகளை அடித்துக்கொண்டு வந்த வெள்ளத்தில் இடிந்தது. அதற்குப் பதிலாக 1357-இல் சார்லஸ் அடிக்கல் நாட்டிய புதிய பாலம், பதினாறு வளைவுகளுடன் ஏறத்தாழ 516 மீட்டர் நீளமும் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலமும் கொண்டது. பழைய பாலத்தைவிட உயர்த்திக் கட்டப்பட்டது. கட்டி முடிக்க அவர் ஆயுள் போதவில்லை. 1841 வரை இந்நகரில் ஆற்றைக் கடக்க இருந்த ஒரே பாலம் இதுதான். 'சார்லஸ் பாலம்' என்ற பெயர் 1870-இல்தான் வந்தது. அதுவரை கல் பாலம் அல்லது பிராக் பாலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் குதிரை டிராமும், பிறகு சில ஆண்டுகள் மின்சார டிராமும் இதன் மேல் ஓடியிருக்கின்றன. 1890 வெள்ளத்தில் வளைவுகள் சில இடிந்து விழுந்தன, மறுபடியும் கட்டினார்கள்.

இவ்வளவு இருக்க, வழிகாட்டி எண் மாயாஜாலத்தில் இறங்கிவிட்டார். 1357-ஆம் ஆண்டு, 9-ஆம் நாள், 7-ஆம் மாதம், காலை 5 மணி 31 நிமிடத்தில் அடிக்கல் நாட்டப்பட்டதாகவும், அந்த எண்களை வரிசையாக எழுதினால் ஏறியும் இறங்கியும் ஒரே மாதிரி வரும் என்றும், அரசரின் சோதிடர்கள் கணித்துக் கொடுத்த நேரம் அது என்றும் ஆவணத்தில் இருப்பதைப் போலச் சொன்னார். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது, பிறகு அதே வழியில் ஒன்றுக்கு இறக்கம். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது இருபதாம் நூற்றாண்டில் வானியல் வரலாற்றாய்வாளர் ஒருவர் முன்வைத்த கணிப்பு. சார்லஸுக்குச் சோதிடத்தில் ஈடுபாடு இருந்தது உண்மை என்பதால் அந்தக் கணிப்பை அடியோடு தள்ளிவிட முடியாது. அதற்காக அதை நிமிடக் கணக்கோடு நடந்த நிகழ்ச்சியாக விற்பது சரியல்ல. காலையில் 'இருக்கலாம்' என்று சொன்ன அதே நாவு இங்கே அப்படிச் சொல்லவில்லை. சாந்தில் முட்டை கலந்தார்கள் என்ற கதையையும், வெல்வரி ஊர்க்காரர்கள் முட்டைகளை அவித்து அனுப்பிவைத்த வேடிக்கையையும் கதை என்ற முன்னுரையோடு சொன்னார், சிரித்தோம். எண் கதைக்கும் அந்த முன்னுரையைக் கொடுத்திருக்கலாம்.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். பாலத்தின் இருமருங்கிலும் நிற்கும் முப்பது சிலைகளுக்கும் சார்லஸுக்கும் தொடர்பே இல்லை. பெரும்பாலானவை 1683-க்கும் 1714-க்கும் இடையில் நிறுவப்பட்ட பரோக் பாணிச் சிலைகள். அவற்றில் பலவும் இன்று நகல்களே. முதலில் வந்தது, குருவும் புனிதருமான நெபோமுக் ஊர் ஜானின் வெண்கலச் சிலை. 1393-இல் இந்தப் பாலத்திலிருந்து அவரை ஆற்றில் வீசச் செய்தவர் நம் சார்லஸின் மகன் வென்செஸ்லாஸ். பயணிகள் தொட்டுத் தொட்டு அந்தச் சிலையின் பீடத்துத் தகடு பளபளக்கிறது. எங்கள் குழுவிலும் பாதிப்பேர் வரிசையில் நின்று தொட்டார்கள், அதற்குப் பதினைந்து நிமிடம். சார்லஸின் பாலம் அந்தச் சிலைகளுக்குக் கீழே, மணற்கல் தூண்களில் இருக்கிறது. அதைப் பார்க்கக் கம்பா தீவுக்குப் படி இறங்க வேண்டும். இறங்கவில்லை.

மதிய உணவு பற்றி நீட்டப்போவதில்லை. மாலா ஸ்ட்ரானா பகுதியில் அவர்களுக்கு ஏற்பாடு உள்ள உணவகம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். சாப்பாடு மோசமில்லை, ஆனால் பத்தொன்பது பேருக்கும் பரிமாறி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏழு மணி நேரச் சுற்றுலாவில் ஒன்றரை மணி நேரம்!

அங்கிருந்து 22-ஆம் எண் டிராமில் அரண்மனைக்கு. பிற்பகல் ஒன்றரை மணி என்பது அரண்மனை வளாகத்துக்குள் நுழைய மிக மோசமான நேரங்களில் ஒன்று. பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருபத்தைந்து நிமிடம் நின்றோம். காதொலிக் கருவிகளில் மூன்று அதற்குள் மின்கலம் தீர்ந்து இரைய ஆரம்பித்துவிட்டன. மாற்றுக் கருவி கைவசம் இல்லை. என்னுடையதும் அவற்றில் ஒன்று. பேராலயத்துக்குள் உரத்த குரலில் விளக்கம் சொல்ல முடியாது என்பதால், வழிகாட்டியின் வாயசைவைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியதாயிற்று. பன்னிரண்டு பேர் என்றால் அருகில் போய் நின்றாவது கேட்டிருக்கலாம்.

ஆனாலும் புனித விட்டஸ் பேராலயத்தைப் பற்றி அவர் வாசலுக்கு வெளியிலேயே ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். மேற்கு வாயிலின் இரட்டைக் கோபுரங்களையும் வட்டச் சாளரத்தையும் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, "நீங்கள் படம் எடுப்பது சார்லஸ் கட்டியது அல்ல" என்று நிறுத்தினார். பிராக் ஆயர்பீடம் 1344-இல் பேராயர்பீடமாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று, மன்னர் ஜானும் இளவரசர் சார்லஸும் முன்னின்று அடிக்கல் நாட்டினார்கள். அவிஞோன் நகரிலிருந்து அழைத்துவரப்பட்ட ஆராஸ் ஊர் மத்தியாஸ் முதல் கட்டடக் கலைஞர். அவர் 1352-இல் இறந்தார். 1356-இல் ஜெர்மானிய நாட்டின் குமுண்ட் நகரிலிருந்து வந்து பொறுப்பேற்ற பீட்டர் பார்லருக்கு அப்போது வயது இருபத்து மூன்று. கிழக்குப் பாதி எழுந்தது, தெற்குக் கோபுரம் தொடங்கியது, பிறகு சமயச் சீர்திருத்தவாதி யான் ஹுஸைப் பின்பற்றியவர்களின் கலவரங்களில் வேலை நின்றது. நூற்றாண்டுக் கணக்கில் பாதிக் கோயிலை ஒரு தற்காலிகச் சுவர் அடைத்துக்கொண்டு நின்றது. மேற்குப் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, 1929-இல் நிறைவு பெற்றது. ஐந்நூற்று எண்பத்தைந்து ஆண்டுக் கால இடைவெளியில் கட்டிய இரண்டு பாதிகளையும் ஒரே கோயிலாக நினைத்து உள்ளே போகிறவர்களுக்கு, எந்தத் தூணிலிருந்து சார்லஸின் காலம் தொடங்குகிறது என்று தெரிந்தால் பார்வையே மாறிவிடும்.

அந்த எல்லையைத் தாண்டியதும் தலையை உயர்த்த வேண்டும். பார்லருக்கு முந்தைய பெரும்பாலான கோதிக் கோயில்களில் விதானத்தின் கல் விலா எலும்புகள் ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் குறுக்காக வெட்டிச் சந்தித்து முடிந்துவிடும். கட்டம் கட்டமாக எண்ணிவிடலாம். பார்லர் அந்த விலாக்களை இரட்டையாக்கி, கட்டங்களின் எல்லையைத் தாண்டி ஓடவிட்டு, முழு விதானத்தையும் ஒரே வலையாகப் பின்னினார். எங்கே ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கண் தேடித் தோற்கிறது. 1385-இல் நிறைவேறிய இந்த விதானத்தின் மாதிரி, பின்னர் மத்திய ஐரோப்பாவின் பல கோயில்களுக்கும் போனது. அதற்குக் கீழே, தரையிலிருந்து பார்த்தால் நிழலாக மட்டுமே தெரியும் மேல்மாட நடைவழியில், இருபத்தொரு மார்பளவுச் சிலைகள் இருக்கின்றன. சார்லஸ், அவருடைய நான்கு மனைவியர், தாய் தந்தையர், பேராயர்கள் ஆகியோரோடு மத்தியாஸும் பார்லரும்கூட அங்கே இடம்பெற்றிருக்கிறார்கள். பேரரசர் வரிசையில் கல்தச்சனுக்கும் ஓர் இடம். பொதுமக்கள் அங்கே ஏற முடியாது. நான் முன்பே படங்களில் பார்த்திருந்ததால் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது, மற்றவர்களிடம் வழிகாட்டி ஒரு படத்தையாவது காட்டியிருக்கலாம்.

புனித வென்செஸ்லாஸ் சிற்றாலயம் இந்தச் சுற்றுலாவின் உச்சமாக இருக்க வேண்டியது. கீழ்ச்சுவர் முழுவதும் பட்டைதீட்டிய 1,300-க்கும் மேற்பட்ட வண்ணக் கற்கள், பொன்பூச்சுச் சாந்தில் பதித்தவை. செவ்வந்திக்கல், சூரியகாந்தக்கல் எல்லாம் உள்ளங்கையளவுப் பலகைகளாக, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத வடிவங்களில். 1367-இல் திருநிலைப்படுத்தப்பட்ட இந்த அறைக்குள் யாரும் போக முடியாது, கயிறு கட்டிய வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். மூலையில் ஒரு சிறு கதவு தெரிகிறது. அதன் வழியே போனால் ஏழு பூட்டுகள் கொண்ட கருவூலம். சார்லஸ் செய்வித்த பொஹேமிய மணிமுடி அங்கேதான் இருக்கிறது. ஏழு சாவிகளும் குடியரசுத் தலைவர், பிரதமர், பேராயர், நாடாளுமன்ற இரு அவைகளின் தலைவர்கள், பேராலயக் குருகுலத் தலைவர், நகர மேயர் என்று ஏழு பேரிடம். கூட்ட நெரிசலில் ஆளுக்கு அரை நிமிடம்தான் வாய்த்தது. இது நடத்துநரின் தவறல்ல. ஆனால் காலை முதல் வேலையாக இங்கே வந்திருந்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்திருக்கும்.

வெளியே தெற்கு முகப்பில், பொன்வாயில் என்று பெயர்பெற்ற மூன்று வளைவுகளுக்கு மேல், 1370-71-இல் பதித்த இறுதித் தீர்ப்பு மொசைக். வெனிஸ் நகரின் தொழில்நுட்பம். இதைச் செய்த கண்ணாடித் துண்டுகள் இந்த ஊரின் காற்றையும் மழையையும் தாங்காமல் மங்கி மங்கிச் சாம்பல் நிறமாகிவிடும். எத்தனையோ முறை துடைத்தும் மீண்டும் மறைந்தது. 1990-களில் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் செக் நாட்டினரும் சேர்ந்து சுத்தம் செய்து, பாதுகாப்புப் பூச்சு பூசிய பிறகே இப்போது தங்கப் பின்னணி தெரிகிறது. நடு வளைவின் இருபுறமும் சார்லஸும் நான்காம் மனைவி பொமரேனியாவின் எலிசபெத்தும் மண்டியிட்டிருக்கிறார்கள். சூரியன் தெற்கிலிருந்து மேற்கே சாயும் வேளையில் வந்ததால் மொசைக் முழுவதும் ஒளி. பிற்பகல் வருகையால் கிடைத்த ஒரே லாபம் இதுதான்.

இதற்குள் மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சார்லஸின் மிகப் பெரிய வேலை இன்னும் தொடப்படவேயில்லை.

என்னைக் கேட்டால், பாலமும் பேராலயமும் இல்லாமல்கூட சார்லஸ் பிராக்கை உருவாக்கியவர் என்று சொல்லிவிடலாம். புதிய நகரம் இல்லாமல் சொல்ல முடியாது. 1348-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பழைய நகரத்தின் மதிலுக்கு வெளியே அரைவட்டமாகக் கிடந்த நிலத்தை வளைத்து, ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் மதில் எழுப்பி, உள்ளே தெருக்களையும் மூன்று பெரும் சந்தைத் திடல்களையும் அளந்து போட்டார். மனை வாங்கியவர்கள் குறித்த காலத்துக்குள் வீடு கட்டியாக வேண்டும். குடியேறுவோருக்கு வரிச்சலுகையும் உண்டு. குதிரைச் சந்தை, மாட்டுச் சந்தை, வைக்கோல் சந்தை. குதிரைச் சந்தைதான் இன்றைய வென்செஸ்லாஸ் சதுக்கம், ஏறத்தாழ 750 மீட்டர் நீளம். மாட்டுச் சந்தை இன்றைய சார்லஸ் சதுக்கம், ஏறத்தாழ எட்டு ஹெக்டேர். பதினான்காம் நூற்றாண்டில் எந்த மாட்டுக்கு எட்டு ஹெக்டேர் தேவைப்பட்டது என்று கேட்கத் தோன்றும். மாட்டுக்காக மட்டும் அல்ல. பேரரசின் புனிதச் சின்னங்களை ஆண்டுக்கொரு முறை இந்தத் திடலின் நடுவே மக்களுக்குக் காட்டினார்கள், அதைக் காண வெளிநாட்டு யாத்திரிகர்களும் வந்தார்கள். அவர்களுக்காகப் பின்னர் நடுவில் எழுந்த சிற்றாலயம் 1791-இல் இடிக்கப்பட்டுவிட்டது. திடல் இன்று மரங்கள் நிறைந்த பூங்கா.

தன் காலத்தின் தேவைக்கு மீறி அவர் விட்டுவைத்த இடத்தை நிரப்ப இந்நகருக்கு ஐந்நூறு ஆண்டுகளாயின. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் வரும்வரை பிராக் அந்த மதிலுக்குள்ளேயே வளர்ந்துகொள்ள முடிந்தது. இன்று டிராம்கள் எதிரெதிராக ஓட, இருபுறமும் கார்கள் நிற்க, நடைபாதையும் மிஞ்சுகிறது என்றால், மாட்டு வண்டிகளைப் பார்த்த ஒருவர் அளந்த அகலம் அது. இதைச் சொல்ல வேண்டிய சுற்றுலா, சார்லஸ் சதுக்கத்தில் இருபது நிமிடம் நின்று, 'இங்கே சுற்றுலா நிறைவடைகிறது' என்று கைகுலுக்கி விடைபெற்றுவிட்டது. துண்டறிக்கையில் அச்சிட்டிருந்த எம்மாவுஸ் மடத்துக்கும் கார்லோவ் கோயிலுக்கும் நேரமில்லை என்றார்கள்.

அவை இரண்டையும் மறுநாள் நானாகவே போய்ப் பார்த்தேன். எம்மாவுஸ் மடம் சார்லஸ் சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடை. ஸ்லாவிய மொழியில் வழிபாடு நடத்துவதற்காக, போப்பாண்டவரிடம் தனி அனுமதி பெற்று, குரோவேசியத் துறவிகளை வரவழைத்து, சார்லஸ் 1347-இல் நிறுவிய மடம் அது. 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று அமெரிக்க விமானங்கள் வீசிய குண்டுகளில் கூரையும் கோபுரங்களும் போயின. 1960-களில் ஒன்றையொன்று தழுவிக் கடக்கும் இரண்டு வெள்ளைக் கான்கிரீட் இறகுகளைக் கோபுரமாக வைத்தார்கள். உள்முற்றத்துத் தாழ்வாரத்தில் பதினான்காம் நூற்றாண்டுச் சுவரோவியங்கள், பாதி உதிர்ந்தும் பாதி தெளிவாகவும், விவிலியத்தின் பழைய ஏற்பாட்டுக் காட்சியையும் புதிய ஏற்பாட்டுக் காட்சியையும் அருகருகே வைத்து ஓடுகின்றன. நான் போனபோது அங்கே என்னைத் தவிர இரண்டு பேர்.

கார்லோவ் இன்னும் சற்றுத் தள்ளி, புதிய நகரத்தின் தென்கிழக்கு மேட்டில். ஆகன் நகரில் சார்லமேன் கட்டிய கோயிலை நினைவூட்டும் எண்கோணக் கோயிலை 1350-இல் சார்லஸ் இங்கே தொடங்கினார். அந்தப் பேரரசருக்கும் இவருக்கும் பெயர் ஒன்றுதானே. உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. ஏறத்தாழ இருபத்து மூன்று மீட்டர் அகலத்தை ஒரே நட்சத்திர விதானம் மூடுகிறது. அந்த விதானம் 1575-இல் போட்டது என்றாலும், அதைத் தாங்கும் வெளியைத் திட்டமிட்டவர் சார்லஸ். பேராலயத்தில் கண் மேலே மேலே இழுக்கப்படுகிறது. இங்கே கால் நடுவில் வந்து நின்றுவிடுகிறது. கோயில் திறந்திருக்கும் நேரம் மிகக் குறைவு, போவதற்கு முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, இந்தச் சுற்றுலாவுக்குப் பணம் கொடுக்கலாமா? பாலக் கோபுரத்தின் முன்னால் நின்ற நாற்பது நிமிடத்துக்காக நான் வருந்தவில்லை; அந்த வழிகாட்டி தனியாக அரைநாள் அழைத்துப் போவார் என்றால் மீண்டும் போவேன். நாள் முழுவதற்குமான இந்த ஏற்பாட்டை, நேர ஒதுக்கீட்டை மாற்றாதவரை, பரிந்துரைக்க மனம் வரவில்லை. ஐந்துக்கு மூன்று தரலாம். பிராக்கில் ஒரே ஒரு நாள் இருப்பவர்களுக்கு என் யோசனை இது: காலையில் வளாகம் திறந்ததும் அரண்மனைக்குப் போய்விடுங்கள், பேராலயத்தை முதலில் முடியுங்கள். பிறகு அதே 22-ஆம் எண் டிராமில் கீழே இறங்குங்கள். உயேஸ்த் நிறுத்தத்தில் வலப்பக்கம் பார்த்தால், பெட்ரின் குன்றின் மேல் ஏறிப் போகும் மஞ்சள் நிறக் கல்மதில் தெரியும். 1360-க்கும் 1362-க்கும் இடையில் சார்லஸ் எழுப்பியது. ஏழைகளுக்குக் கூலி கொடுப்பதற்காகவே கட்டினார் என்ற வழக்கினால் 'பசி மதில்' என்று பெயர். நகருக்கும் அரண்மனைக்கும் காவலாக அது தேவைப்பட்டது என்பதும் உண்மை. டிராம் ஆற்றைக் கடந்து, சார்லஸ் சதுக்கத்தில் நின்று, அதற்குப் பிறகு கார்லோவ் மேட்டுக்கு அருகில் இ. பி. பாவ்லோவா நிறுத்தம் வரை கொண்டு சேர்க்கும். பாலத்தையும் கோபுரத்தையும் கூட்டம் வடிந்த பிறகு இரவில் பார்த்துக்கொள்ளலாம்.

என் கடிதத்துக்கு நடத்துநரிடமிருந்து பத்து நாளில் பதில் வந்தது, மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். பழுதான காதொலிக் கருவிகளை மாற்றிவிட்டார்களாம். குழுவின் எண்ணிக்கையைக் கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். எம்மாவுஸ், கார்லோவ் இரண்டும் துண்டறிக்கையில் இருந்தும் காட்டப்படவில்லை என்று நான் குறிப்பிட்டிருந்தது நியாயமே என்றும், அடுத்த பதிப்பில் அவ்விரண்டு பெயர்களையும் துண்டறிக்கையிலிருந்து நீக்கிவிடுவதாகவும் முடித்திருந்தார்கள்.